உழுத மணல்

பிப்ரவரி 21, சனி

தங்கை ரேவதியின் கணவர் செந்தில் வாங்கியிருக்கும் நிலத்தைப் பார்க்க இன்று அவருடன் போனேன். நாங்கள் இருக்கும் ரிச்சர்ட்சன் நகரிலிருந்து ஆறு மணி நேர டிரைவ். மழை குறைந்த மேய்ச்சல் நிலம். கடும் குளிர், ஓயாத காற்று. மண் பரிசோதனை என் வேலை என்பதால் கூப்பிட்டிருந்தார்.

முழங்கால் ஆழம் குழி வெட்டினேன். அடிவரை மணல்தான். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் இறங்கியது.

"மாப்பிள்ளை, இது புல்லுக்கான மண்ணு. அளவா மாடு மேய விடலாம். உழுதா காத்துல போயிடும்."

அவர் அங்கிருந்த ஒரு மேட்டின் பின்பக்கம் கூட்டிப்போனார். போன வாரமே இரண்டு ஏக்கர் உழுதிருக்கிறார். மணல் பறந்து வேலியோரம் குவிந்து கிடந்தது.

"இப்ப என்ன பண்றது மச்சான்?"

"வைக்கோல் பரப்பிட்டு புல் விதைங்க. வேர் பிடிக்க ரெண்டு மூணு வருஷம் ஆகும்."

"அவ்வளவு நாள் முடியாது. விவசாயம்தான்னு வேலைய ரிசைன் பண்ணிட்டேன். ரேவதிக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க."

தலையாட்டிவிட்டேன். இரவு தங்க மோட்டலுக்கு வந்ததும் ரேவதி போன் செய்தாள். "மண்ணு எப்படிண்ணா இருக்கு?" மாப்பிள்ளையே சொல்வார் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

மனசு கேட்கவில்லை. அவர் அறைக் கதவைத் தட்டி, "நாளைக்கு வீட்டுக்குப் போனதும் வேலைய விட்டத நீங்களே சொல்லிடுங்க. இல்லேன்னா நான் சொல்லிடுவேன்" என்றேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"சொல்றப்ப நீங்களும் கூட இருப்பீங்களா?" என்றார்.