ஆண்டனியின் வாத்துகள்

சேசு மரி சூசை துணை

மகள் ரோஸ்லினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், சுகமாக இருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை. நீ ஜெர்மனியில் சுகமாகத்தான் இருப்பாய்.

பொங்கலுக்கு வந்தபோது உன் அண்ணன் ஆண்டனியின் வாத்துகளின் தொண்டையில் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்தாயே, ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தவன் அவன்தான். தங்கச்சி பறவைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி கண்டுபிடிக்கப் போகுது, நம்ம வாத்தும் உதவட்டுமே என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தான். ஊரை விட்டுக் கிளம்புமுன்பே கிருமி இருப்பது உனக்குத் தெரிந்துவிட்டது. அதிகாரிகளிடம் சொன்னாய். அவனிடம் ஒரு வார்த்தை இல்லை, விமானம் ஏறிவிட்டாய். அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்த்துக்கொண்டு நின்றவன் முன்னால் வெள்ளை உடுப்பும் முகமூடியுமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஒண்ணுகூட சீக்கா இல்லையே சார் என்று கெஞ்சினான். வாத்து நோயைக் காட்டிக்காது, ஆனா பரப்பிடும், உங்க தங்கச்சிதாங்க தகவல் கொடுத்தாங்க என்றார் கால்நடை டாக்டர். அதைக் கேட்டு வரப்பில் உட்கார்ந்தவன், அத்தனை வாத்தையும் கொன்று குழியில் போட்டு, சுண்ணாம்பு கொட்டி மூடும்வரை எழுந்திருக்கவில்லை.

இன்னும் கேள். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கொஞ்சம் வாத்துகள் விட்டிருந்தான், அதை அவர்களிடம் சொல்லாமல் மறைத்துவிட்டான். அவன் பெண்டாட்டி பிரின்ஸிதான் தினமும் போய்த் தீனி வைத்தாள், ஆறு மாதக் கர்ப்பத்தோடு. அவளுக்குக் காய்ச்சல் கண்டு மூச்சு வாங்கியது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, வாத்துகிட்ட போனீங்களா என்று கேட்டதற்கு ஆண்டனி இல்லை என்றான். நான்தான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளதைச் சொன்னேன். உடனே மருந்து ஏற்றினார்கள், அவளும் வயிற்றுப் பிள்ளையும் பிழைத்தார்கள். தோப்பு வாத்துகளும் குழிக்குப் போயின. நீங்களும் தங்கச்சியும் ஒண்ணுதாம்ப்பா என்றான். அதோடு என்னிடம் பேசுவதில்லை.

நீயும் நானும் ஒன்றில்லை ரோஸ்லின். சொன்னது தப்பென்று நான் எழுதவில்லை. நான் அவனை நேருக்கு நேர் பார்த்துச் சொன்னேன், நீ முதுகுக்குப் பின்னால் சொன்னாய். அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஃபோன் செய்யாதே, எடுக்க மாட்டேன். வைகாசியில் பிரசவம். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது வந்து சேர். வந்து அண்ணன் முன்னால் நில், அவன் திட்டுவதை எல்லாம் வாங்கிக்கொள், உன் படிப்பைப் பேசாதே. ஆய்வுக்கூடத்தில் கையுறை இல்லாமல் எதையும் தொடாதே. ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், அது உன் அம்மா எழுதச் சொன்னது.

கோபம் தீராத அப்பா,
பெரியநாயகசாமி