எடுக்கச் சொன்ன அறிவிப்பு

இன்று காலை லாகின் செய்ததும் திரையில் முதலில் தெரிந்தது உன் பெயர். எங்கள் முன்னாள் ஊழியரின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல் என்று ஒரு வரி. அடியில் மேனேஜரின் பெயர். கையிலிருந்த டீயை மேசையில் வைத்த வேகத்தில் பாதி கீபோர்டில் கொட்டியது. உன் பெயரை எழுத அந்த மனுஷனுக்கு எப்படிக் கை வந்தது?

பாலக்காட்டு ஆபீசில் உனக்கும் எனக்கும் அடுத்தடுத்த இருக்கை. வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் மெயின்ஃபிரேம் என்ற பெரிய கம்ப்யூட்டரை இங்கிருந்து பார்த்துக்கொள்ளும் வேலை. அதற்குள் நுழைகிற ஒவ்வொருவர் திரையிலும் முதலில் வரும் அறிவிப்புகள் உன் பொறுப்பு. எழுதிப் போடுவாய், காலம் முடிந்ததும் எடுத்துவிடுவாய். நீ வருவதற்கு முன்பு அங்கே பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்துகூட அப்படியே கிடக்கும். ஒருவரும் படிக்காமல் எண்டரைத் தட்டிக்கொண்டு போவார்கள். வந்த வாரமே எல்லாவற்றையும் துடைத்தாய்.

"முடிஞ்சுபோன சேதியை அங்கன வச்சிருந்தா, அவசரமான சேதியை எவன் படிப்பான், ஏட்டி?" என்றாய். மூணாறு பக்கம் பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்டின் லயத்து வீடுகளில் பேசுகிற அதே பேச்சு. பாலக்காட்டு எல்லையோரக் கோபாலபுரத்துக்காரி நான், எங்கள் ஊர் வழக்கப்படி உன்னை "அம்மிணி" என்று கூப்பிட்டால், "என்னைய கெழவி ஆக்காத" என்று சிரிப்பாய்.

அந்த வாரத்தை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. ஆட்கள் வேலைக் கோப்புகளைப் போட்டு வைக்கும் ஒரு டிஸ்க்கை வெள்ளிக்கிழமை காலி செய்வதாக இருந்தது. வேண்டியதை அதற்குள் வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று திங்கட்கிழமையே அறிவிப்புப் போட்டுவிட்டாய். மறுநாள் மேனேஜர் உன் பின்னால் வந்து நின்றார். கம்பெனியின் பெரிய தலைகள் வருகிறார்களாம்.

"அவங்க கண்ணுல முதல்ல இதுவா படணும்? எடுத்துட்டு ஒரு வரவேற்பு போடுங்க."

"ரெண்டும் இருக்கட்டும் சார்."

"வரவேற்பு மட்டும் போதும்."

"அப்ப டிஸ்க் காலி பண்றதைத் தள்ளி வைங்க சார். ஆளுங்களுக்குத் தெரியாமப் போயிரும்."

"அதை நான் பார்த்துக்கறேன். நீங்க எடுங்க."

எடுத்தாய். அவர் எதையும் பார்த்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை டிஸ்க் காலியானது. எத்தனையோ பேருடைய பல வார உழைப்பு அதோடு போனது.

விசாரணையில் ஒரே கேள்விதான். அறிவிப்பை நீக்கியது யாருடைய ஐடி? உன்னுடையது. வாயால் சொன்னதற்கு எங்கே பதிவு இருக்கும்? "அந்தப் பொண்ணு தெரியாம எடுத்துட்டு, திரும்பப் போட மறந்துட்டாங்க" என்றார் மேனேஜர், கண்ணை இமைக்காமல். நான் எழுந்தேன்.

"நான் பக்கத்துச் சீட்லதானுங்க இருந்தேன். சார் எடுக்கச் சொன்னதை என் காதால கேட்டேனுங்க."

"நீங்க ரெண்டு பேரும் ஃபிரெண்ட்ஸ். உங்க பேச்சை எப்படி எடுத்துக்கறது?"

"ஃபிரெண்டுன்னா காது கேக்காதுங்களா?"

என்னை வெளியே அனுப்பினார்கள். உன்னை வேலையை விட்டே அனுப்பினார்கள்.

உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு, தெரியுமா? வழக்குப் போடலாம் என்று பஸ் ஸ்டாண்டில் உன் கையைப் பிடித்து இழுத்தேன். "விடுட்டி, நம்ம தொண்டைதான் வத்தும்" என்று மூணாறு பஸ்ஸில் ஏறிவிட்டாய். ஊரில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கு ரூம் சாவி எடுத்துக் கொடுத்தாய். இந்த மழையில் வந்த மஞ்சள் காமாலை போன வாரம் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

அடக்கத்துக்கு நான் வந்தபோது உன் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "வேலையில கவனமில்லாம இருந்தாளாமே, தாயி? நீ கூட இருந்தவ, கொஞ்சம் சொல்லிக் குடுத்திருக்கலாம்ல?" அந்த இடத்தில், அத்தனை பேர் நடுவில், எனக்கு வார்த்தை வரவில்லை.

இன்று வந்தது. அறிவிப்புகள் இப்போது என் பொறுப்பு. அவருடைய இரங்கலை எடுத்தேன். ஆங்கிலத்தில் இதைப் போட்டேன்: "நம்மோடு வேலை செய்தவர் இறந்துவிட்டார். டிஸ்க் பற்றிய அறிவிப்பை அவர் மறக்கவில்லை. எடுக்க வேண்டாம் என்று அவர் சொல்லியும், அவரை எடுக்க வைத்தார்கள். நான் பக்கத்தில் இருந்தேன்." அடியில் என் முழுப்பெயர்.

மேனேஜர் அறையிலிருந்து பாய்ந்து வந்தார்.

"யாரைக் கேட்டு இதைப் போட்டீங்க? உடனே எடுங்க!"

"எழுத்துல அனுப்புங்க சார். எடுக்கறேன்."

அறைக்குத் திரும்பிப் போனார். அனுப்பவில்லை. எனக்கும் நாளை இங்கே இருக்கை இருக்குமோ என்னவோ.

மதியம் உன் அம்மாவுக்குப் போன் செய்து, அதைத் தமிழில் வாசித்தேன். பின்னால் யாரையோ "இங்கன வா, நீயும் கேளு" என்று கூப்பிட்டார்.

"இன்னொருக்கா வாசி, தாயி. சத்தமா வாசி."

ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்க, மறுபடி முதலிலிருந்து வாசித்தேன்.