கடைசி வண்டியில் அனுப்பிய குச்சி

மாப்ளே,

புளியமர வளைவில் மறுபடியும் தார் காய்ச்சுகிறார்கள். அந்த வாடை வீட்டுக்குள் வந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஆம், நானேதான் எழுதுகிறேன். அறுபத்தெட்டு வயதில் மாலை வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். என் பெயரில் வரும் 'ழ' மட்டும் இன்னும் சரியாக வளையவில்லை. ஒரு வரி முடிந்ததும் நோட்டைத் தள்ளிவைத்துப் பார்க்கிறேன். சிரிப்பு வருகிறது. உனக்கு எழுதுவது வசதி. நீ உயிரோடு இருந்தபோதே வாசிக்கத் தெரியாதவன்.

நாம் இந்த ரோட்டை அகலப்படுத்தியது எண்பதுகளின் தொடக்கத்தில். ஒரு பாதியில் வேலை, மறுபாதியில் வண்டிகள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் நான், ராஜபாளையம் பக்கம் நீ. நடுவில் வளைவு, ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அதனால்தான் சிவப்புத் துணி கட்டிய அந்தக் குச்சி. குச்சி யார் கையில் இருக்கிறதோ அவன்தான் வண்டிகளை விடலாம். விட்டு முடித்ததும் கடைசி வண்டிக்காரனிடம், "எதுவரைக்கும் போறீக?" என்று கேட்டுவிட்டுக் குச்சியைக் கொடுத்தனுப்ப வேண்டும்.

அன்று நான் கேட்கவில்லை. பஞ்சு லாரிக்காரன் குச்சியோடு பாதி வழியில் மில் பாதைக்குள் திரும்பிவிட்டான்.

நீ வெறுங்கையோடு வெயிலில் நின்றாய். வண்டிகள் சேர்ந்துகொண்டே போயின. பஸ்ஸில் இருந்தவன் ஏசியதைப் பிறகு ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே நடித்துக் காட்டினாய்.

"ஏலே, ரோடு என்ன, ஒங்க மாமனாரு குடுத்த சீதனமா?"

"ஆமா, குச்சி வந்தாத்தான் தொட விடுவேன்."

வரிசையில் கண்ட்ராக்டரின் ஜீப்பும் மாட்டிக்கொண்டது. அவர் இறங்கிவந்து எல்லோர் முன்னாலும் உன்னை அறைந்தார். வண்டிகளை அவரே கைகாட்டி விட்டார். அதே நேரம் லாரிக்காரன் என்னிடம் திரும்பிவந்து குச்சியைக் கொடுத்தான். குச்சி கைக்கு வந்ததும் நானும் விட்டேன். உன் பக்கத்து வண்டிகளை நிறுத்த நீ அவற்றுக்கு முன்னால் ஓடினாய். வளைவில் என் பக்கத்து லாரி வந்தது. உன் வலது கால் முழங்காலோடு போயிற்று.

மறுநாள் ஆபீஸில் கிளார்க் ஒரு தாளை எனக்கு வாசித்துக் காட்டினார். குச்சி வராமலே வண்டிகளை விட்டது நீதான் என்று அதில் இருந்தது. கண்ட்ராக்டர் என்னைப் பார்த்தார்.

"லாரிக்காரன் எங்க போறான்னு கேட்டியாலே? கேக்கலைல்லா? இப்ப ஒன் பேரை எழுதவா, அவன் பேரை எழுதவா?"

நான் பெருவிரலை நீட்டினேன்.

உனக்கு நஷ்டஈடும் இல்லை, வேலையும் இல்லை. கட்டையை ஊன்றிக்கொண்டு என்னிடம் வந்து கேட்டாய்.

"சாட்சி சொன்னது எவன்னு தெரியுமா மச்சான்?"

"எனக்கு என்ன எழுத்தா தெரியும்?"

"அதானே. நீயும் என்னையப்போல தற்குறிதான" என்று சொல்லி, குடித்துக்கொண்டிருந்த பீடியில் பாதியை எனக்குக் கொடுத்தாய்.

போன மாதம் உன் காரியம் முடிந்த மறுநாள், உன் வீட்டுக்காரி அந்தத் தாளின் நகலைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்தாள்.

"அண்ணே, வாசிக்கப் படிச்சிட்டீகளாமே. 'நான் விடலே, நான் விடலே'ன்னு சொல்லியேதான் அவிய போனாவ. வேற ஆருகிட்டயும் காட்ட வெக்கமா இருந்துச்சு. சாட்சி எவன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

எழுத்துக்கூட்டி வாசித்தேன். உன்மேல் போட்ட பழியில் ஒரு சொல்லையும் விடவில்லை. அடியில் கைநாட்டு. அதன் பக்கத்தில் என் பெயர். வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுத்தது அவரவர் பெயரைத்தான். அதை மட்டும் நான் தடுமாறாமல் வாசிப்பேன்.

"பேரு?" என்றாள்.

"பேரு போடலை தாயி. மை கொட்டிக் கெடக்கு."

அவள் அந்தக் கைநாட்டின் கறுப்பையே செத்த நேரம் பார்த்தாள். பிறகு தாளை மடித்தாள்.

"போகட்டும். ஆனா எம்புட்டு அழகா வாசிக்கீக அண்ணே!"

அந்த நேரத்திலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது மாப்ளே. வீடு வந்து சேரும்வரை இருந்தது.

குச்சி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை. இந்த மடலையும் அதன் பக்கத்தில்தான் வைக்கப் போகிறேன். அடியில் என் பெயரைப் போட்டுவிட்டேன். 'ழ' இந்தத் தடவை நன்றாக வந்திருக்கிறது.

பழனி