நினைவு திரும்பிய தலைமையாசிரியர்

2007 மார்ச் 4

ஆராதனை முடிந்ததும் தம்பி பிராங்க்ளின் வீட்டுக்கு வந்தான். இவருக்காக, அவன் புதிதாக விற்கும் ஞாபகசக்தி மாத்திரை இரண்டு டப்பா. வெளிநாட்டு மூலிகையாம். மதுரை டாக்டர் தந்ததோடு சேரக்கூடாதாம்.

“அத நிறுத்திருங்கக்கா. மூணே மாசத்துல அத்தான் பழைய ஹெட்மாஸ்டரா ஆயிருவாக.”

நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். நிறுத்திவிட்டேன். போகும்போது அத்தானை நாற்காலியில் உட்காரவைத்து ஆசையாகப் படம் எடுத்துக்கொண்டான்.

மார்ச் 29

காப்பி குடித்த கையோடு, இன்னும் காப்பி தரவில்லை என்று கோபம். பிராங்க்ளின் பொறுக்கச் சொல்கிறான்.

ஏப்ரல் 30

பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு என்று பஸ் ஏறிச் சாத்தூர் போய்விட்டார். இவரிடம் படித்த கண்டக்டர் அடையாளம் கண்டு கூட்டிவந்தார். இவர் ஓய்வுபெற்றே பத்து வருஷம் ஆகிறது.

மே 21

நான் வேலை பார்க்கும் திருத்தங்கல் பிரஸ்ஸில் புரூஃப் பார்க்க அந்த மாத்திரையின் விளம்பர நோட்டீஸ் ஒன்று வந்தது. மேலே இவர் படம். எங்கள் நாற்காலி, நான் இஸ்திரி போட்ட நீலச் சட்டை. கீழே, ‘மூன்றே மாதத்தில் முழு நினைவும் திரும்பியது – தேவாசீர்வாதம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.’ பொய் சொன்ன பிள்ளைகளை வெயிலில் நிறுத்தியவர் பெயரில்.

ஆர்டர் பிராங்க்ளினுடையது.

நான்தான் புரூஃப் பார்ப்பேன் என்று தெரியாதா? தெரிந்துதான் – அக்கா வாயைத் திறக்கமாட்டாள் என்றா?

மே 22

கேட்டேன். “எல்லாரும் இப்படித்தாங்க்கா போடுதாக. அத்தானுக்கா தெரியப் போகுது?” என்றான்.

பாவிப்பய. என் கையால சோறு தின்னவன். அவன் பேச்சக் கேட்டு நானும் – என் புத்தி எங்க போச்சு?

நோட்டீஸ் முழுவதும் சிவப்புக் கோடு போட்டு முதலாளியிடம் கொடுத்தேன். “வீட்டுச் சண்டைய வீட்டோட வச்சுக்கோங்கம்மா. காலண்டர் சீசன் வரைக்கும் இந்த மாதிரி ஆர்டர்தான் நமக்கு” என்றார் கனகசபாபதி. வேலையை விட்டுவிட்டு வந்தேன்.

மே 26

மதுரை. டாக்டர் பழைய மாத்திரையையே மறுபடி எழுதினார். போனது போனதுதானாம், இருப்பதைக் கொஞ்ச நாள் காக்கலாமாம். “நிறுத்தாம இருந்திருக்கலாம்” என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூன் 18

காலைப் பேப்பருக்குள் அந்த நோட்டீஸ். நான் பார்ப்பதற்குள் இவர் எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசித்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னை, கூட வேலைபார்த்த யாரோ டீச்சரைப் பார்ப்பதுபோல்.

“டீச்சர், இந்த சாருக்கு எல்லா ஞாபகமும் வந்துட்டாம். எனக்கும் இத வாங்கித் தாங்களேன்.”

மதுரை மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, இதுதான் அது என்றேன்.

நம்பி விழுங்கினார்.