கழுகுக்காக வழக்காடிய அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை மாட்டுக்கொட்டகைத் தகரத்தின்மேல் சொத்தென்று ஏதோ விழுந்தது. ஏறிப் பார்த்தேன், பச்சைப்பாம்பின் பாதி உடல். சில்வர் ஓக் மரத்து உச்சியில் பாம்புக் கழுகு ஒன்று, தவறவிட்ட இரையைத் தேடிக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் உயிரோடு இல்லை என்று தெரிந்தும் உங்களுக்குச் சொல்லாமல் இருப்புக் கொள்ளவில்லை.

வளப்பூரில் நம் இருவர் காடும் ஓடையோரம் ஒட்டிக் கிடந்தன. அந்தக் கோடையில் ஊரெல்லாம் கோழிக்குஞ்சுகள் காணாமல் போயின. உங்கள் மரவள்ளிக் காட்டோர மரத்தில் கூடு கட்டியிருந்த கழுகின்மேல் பழி விழுந்தது. உங்கள் கொழுந்தனார் கோடாலியோடு வந்துவிட்டார். பின்னால் பாதி ஊர். கூட்டிலோ ஒற்றைக் குஞ்சு.

நீங்கள் மரத்தை மறித்து நின்றீர்கள்.

"மத்தியானம் வரைக்கும் பொறுங்க. அது என்ன கொண்டாருதுன்னு எல்லாரும் பாப்போம். கோழிக்குஞ்சா இருந்தா மொத வெட்டு நானே போடறேனுங்க."

நான் உங்கள் பக்கம் நகர்ந்தேன். "அக்கா, கொண்டாந்துட்டா என்ன பண்றது?" என்று கிசுகிசுத்தேன்.

"பேசாம மேல பாரு கண்ணு."

கழுகு வந்தது. அலகில் ஒரு வால் மட்டும் தொங்கியது. மீதிப் பாம்பு அதன் தொண்டைக்குள். குஞ்சு வாலைக் கவ்வி இழுக்க இழுக்க, சாரைக்குட்டி முழுதாக வெளியே வந்தது. அதைக் குஞ்சு தலைப்பக்கமிருந்து மெல்ல மெல்ல விழுங்கியது.

"இன்னிக்குப் பாம்பு. நாளைக்கு?" என்று இழுத்தார் கொழுந்தனார்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, அவர் வீட்டுப் பக்கமிருந்து அவர் மனைவியின் அலறல். "வல்லூறு! குஞ்சத் தூக்கிட்டுப் போவுதுங்க!" புறா அளவே இருந்த சாம்பல் பறவை பலாமரங்களுக்கிடையே தாழ்வாகப் பறந்து போனது, காலில் கோழிக்குஞ்சு. கழுகு கூட்டைவிட்டு அசையவில்லை.

முதலில் சிரித்தவர் கொழுந்தனார்தான். "தோத்துட்டனுங்க அண்ணி" என்று கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டார். அன்றே கோழிக்குஞ்சுகள் பஞ்சாரக் கூடைக்குள் போயின.

மழைக்கு முன் கழுகுக்குஞ்சு முதல்முறை ஓடையைத் தாண்டிப் பறந்தது. களைக்கொத்தை வீசிவிட்டு ரோட்டுக்கு ஓடினீர்கள். "ஏனுங்க, எல்லாரும் வந்து பாருங்க! நம்மூட்டுப் புள்ள பறக்குது!" உங்கள் கைதட்டலுக்குப் பஸ்ஸே நின்றது.

அந்தக் கூச்சல்தான் இப்போது என்னிடம் இருக்கிறது அக்கா. போன மாதம் என் மகள் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து மலை வளைவுகளைத் தாண்டி, முதல்முறையாகத் தனியாக ஸ்கூட்டர் ஓட்டி வந்தாள். நடுரோட்டில் நின்று கைதட்டிக் கத்தினேன். ஊரே திரும்பிப் பார்த்தது.

பார்க்கட்டும்.