பள்ளத்தில் கிடந்த காவிரி

நேற்று மருமகளைக் குடமுருட்டி ஆற்றுக்கு அழைத்துப்போனேன். தர்மபுரிப் பெண். வயலைக் கடந்து கரையில் ஏறும்போது நின்றுவிட்டாள். "என்ன மாமா, ஆத்தைப் பாக்க மேல ஏறணுமா? எங்க ஊர்ல எறங்கித்தான் போகணும்" என்றாள். உன் முகம் நினைவுக்கு வந்தது. ஒரே பெஞ்சில் படித்த நீ, இதே குழப்பத்தைத் தலைகீழாகப் பட்டவன்.

குத்தகைக்காரர் பெயரைப் பதியச் சட்டம் வந்த சமயம். பதிவுக்கு முன்பே ஆட்களை வெளியேற்றும் வேலை ஊருக்கு ஊர் நடந்தது. உன் மிராசுதார் சண்டைக்கு வரவில்லை. குத்தகையை விட்டுக்கொடுத்தால் ஒகேனக்கல் பக்கம், காவிரிக் கரையிலேயே, மூன்று மடங்கு நிலத்தை உனக்கே எழுதித் தருவதாகச் சொன்னார். சொந்த நிலம் என்ற ஒன்றை உன் வீட்டில் யாரும் கண்டதில்லை. கையெழுத்துப் போட இருந்தவனை, பத்திரிகை நிருபரான நான், முதலில் பார்த்துவிடுவோம் என்று இழுத்துப்போனேன்.

தொப்பூர் கணவாய் ஏறியதும் பஸ் மறுபக்கம் இறங்கும் என்று காத்திருந்தாய். இறங்கவில்லை. மேலேயே நிலம் விரிந்து கிடந்தது.

"மலைக்கு உச்சி இல்லியாடா?"

"இதுதான் உச்சி. பீடபூமி."

"உச்சியில ஏர் ஓட்டுறானுவளே!"

அவர் தருவதாகச் சொன்ன இடத்தில் செம்மண், பாறை, கேழ்வரகு. ஆற்றின் இரைச்சல் கேட்டது. உனக்குச் சந்தோஷம். நீர் பாயும் மதகைத் தேடி விளிம்பு நெடுக நடந்தாய். களையெடுத்த அம்மாள் சிரித்தார். "ஆறு அந்தப் பள்ளத்துல கெடக்குது. ஏறி வருமாங்க? வானம் குடுத்தாத்தான் எங்களுக்கு."

எட்டிப் பார்த்தாய். அறுத்த பாறைகளுக்கு நடுவே, எங்கோ கீழே காவிரி. ஏமாந்துபோவாய் என்று நினைத்தேன். நீயோ, "இம்புட்டு அறுத்திருக்காளே, அந்த மண்ணெல்லாம் எங்கடா போச்சு?" என்றாய்.

"சரிவுல அறுத்ததை நம்ம சமவெளியில வந்து போடுறா. அது படிஞ்சு படிஞ்சுதான் அங்க ஆறு வயலுக்கு மேல ஓடுது."

"அப்ப இந்த மேடே நம்மளைத் தேடி வந்துக்கிட்டிருக்கு. நான் எதுக்குடா இங்க வரணும்?"

ஊர் திரும்பியதும் மிராசுதார் கேட்டார்: "கரையில நிலம் குடுத்தாலும் கசக்குதா?"

"கரை சரிங்க. ஆறுதான் எட்டலை."

அதன்பிறகு அவர் சிரித்த முகம் மாறியது. ஆள் வைத்து மிரட்டினார், வழக்குப் போட்டார். நீ வயலைவிட்டு நகரவில்லை. பதிவில் உன் பெயர் ஏறிய அன்று தாலுகா ஆபீஸ் எதிரே டீ வாங்கித் தந்தாய். எல்லோரும் உன் தோளைத் தட்டிக்கொண்டிருக்க, நீ என்னிடம் கேட்டாய்: "ஏண்டா நிருபரே, அந்த மேடு முழுக்கக் கரைஞ்சு வந்துட்டா, அப்புறம் ஆறு எதுலேருந்துடா எறங்கும்?"

தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்துவிட்டேன். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். நீ போனபின் வயலை உன் மகள் உழுகிறாள். கேள்வி என் பங்குக்கு வந்திருக்கிறது.