கோடு விட்டுப்போன இடம்

மச்சான்,

இன்று காலை திரையில் ஒரு நீலக் கோடு வந்து நின்றது. நாம் சோதனைக்கு எப்போதும் எடுப்போமே, உன் நைனாவின் படகு நாள்தோறும் கொண்டுவந்த மீனின் எடை, அந்த சார்ட்தான். கோடு முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை எங்கும் விடாமல் வழுவழுவென்று ஓடியது. கூடவே, 'விடுபட்ட நாள்களைச் சீராக்கிவிட்டேன்' என்று பணிவாக ஒரு வரி. நீ இருந்திருந்தால் நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்திருப்பாய்.

விஷயம் இதுதான். நீ உருவாக்கிய சார்ட் கருவியை இனிமேல் ஏ.ஐ. ஏஜென்ட்கள்தான் இயக்கப் போகின்றன. யாராவது கேட்டால், ஏஜென்ட் நம் கையேட்டைப் படித்துப் படம் போட்டுக் கொடுக்கும். அதற்காகப் பழைய கையேட்டை மாற்றி எழுதும் வேலை எனக்கு. ஊரப்பாக்கம் வீட்டில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து எழுதுகிறேன். படித்துப் பார்க்கச் சொல்லவும் ஆள் இல்லை. "கதையெல்லாம் வேணாம், கட்டளை மட்டும் போதும், சுருக்குங்க" என்றார் மேலாளர். சுருக்கியதில் உன் வரி ஒன்றும் போய்விட்டது.

நான் எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் நீ பொத்தேரி டீக்கடையில் வைத்துத்தான் சோதிப்பாய். "எனக்கு ஒண்ணும் தெரியாது மச்சான். நீ இன்னா எழுதிக்கீறியோ அத்த மட்டும்தான் செய்வேன்" என்று லேப்டாப்பைத் திறப்பாய். 'கீழே உள்ள பொத்தானை அழுத்தவும்' என்று எழுதியிருந்த அன்று, மேசைக்கு அடியில் குனிந்து தேடினாய். கடைக்காரர், "இன்னா தம்பி, எத்த தொலைச்ச?" என்று அவரும் கூடக் குனிந்தார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கோபமாக எழுந்துபோனேன். இந்த ஏஜென்ட்டும் உன்னைப் போலத்தான், எழுதியதை அப்படியே செய்கிறது. எழுதாமல் விட்டதைத் தானே இட்டுக்கட்டவும் செய்கிறது. ஆனால் தப்பைக் கண்டுபிடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்க அதற்குத் தெரியாது. அந்தச் சிரிப்புக்காகத்தான் இத்தனை வருடம் எழுதினேன் போலிருக்கிறது.

உன் வரியும் அந்த மேசையில் பிறந்ததுதான். படகு போகாத நாள்களுக்கெல்லாம் நான் பூஜ்யம் போட்டுக் கோட்டை அழகாக இணைத்திருந்தேன். நீ டம்ளரை வைத்த வேகத்தில் டீ சிந்தியது.

"கடலுக்கே போவாத நாளும், போயி வெறும் வலையோட வந்த நாளும் ஒண்ணாடா? வெறும் வலையோட வந்தா நைனா சோறு துன்ன மாட்டாரு. போவாத நாள்ல வலை பின்னிகினு பாட்டு பாடிகினு இருப்பாரு. தெரியாத எடத்த சும்மா வுடு மச்சான், ரொப்பாத."

அதைத்தான் கையேட்டில் எழுதினோம்: 'தகவல் இல்லாத நாளைக் காலியாக விடவும். இட்டு நிரப்ப வேண்டாம்.'

இனி நான் சொல்லப் போவது உனக்குத் தெரியாது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நீ பதினோரு நாள் கிடந்தாய். இங்கிருந்து ரயில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நான் வரவில்லை. வேலை என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் பயம். உன்னைக் குழாய்களோடு பார்க்கப் பயம்.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் உங்கள் குப்பத்து வீட்டில், உன் உடலை எடுத்த பிறகு, உன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "வந்து பாத்தியாப்பா? உன்னத்தான் கேட்டுகினே இருந்தான்."

"வந்தேன்க்கா. தூங்கிகினு இருந்தான், எழுப்பல."

அவர் என் கையை விட்டார். நம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

இன்று உன் வரியைத் திரும்பவும் கையேட்டில் சேர்த்தேன். மேலாளர் கேட்டால் சண்டை போடுவேன். ஏஜென்ட்டை மறுபடி ஓட்டியதும், படகு போகாத நாள்களில் கோடு அறுந்து, அப்பால் மீண்டும் தொடங்கியது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உன் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, நான் வரலக்கா. ஒரு நாள்கூட வரல."

மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"தெரியும்பா. பதினோரு நாளும் நான் அவன் கட்டில வுட்டு நவரவே இல்ல."

அவரே தொடர்ந்தார்: "நீயா எப்ப சொல்லுவன்னுதான் பாத்துகினு இருந்தேன். ஞாயித்துக்கெழம வா. நைனாவும் உன்ன கேட்டுகினு கீறாரு."

போகிறேன், மச்சான். அந்தப் பதினோரு நாளுக்கு இனி என்னிடம் எந்தக் காரணமும் இல்லை. அவற்றைக் காலியாகவே வைத்திருக்கிறேன்.